கார் விலையும் அடக்க விலையும்: காட்டப்படாத ஒரு தாளின் வரலாறு

உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் அண்மையில் தம் வாழ்வின் முதல் காரை வாங்க முனைந்தார். ஐதராபாத்தில் ஒரு காட்சியகம் அவருக்குத் தந்த கொட்டேஷன் தாளை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். எக்ஸ்-ஷோரூம் விலை, வாழ்நாள் வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு, ஃபாஸ்டேக், நீட்டித்த உத்தரவாதம், துணைப்பொருள் தொகுப்பு, ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வரிகள். அடியில் ‘ஆன்-ரோடு’ என்ற தொகை பேனாவால் வட்டமிடப்பட்டிருந்தது. “எல்லாம் சரி. டீலருக்கு இதன் அடக்கம் எவ்வளவு இருக்கும்? அது மட்டும் தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்று தெரிந்துவிடுமே” என்றார்.

புடவைக் கடையிலும் பாத்திரக் கடையிலும் நம் வீட்டு மூத்தோர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த கேள்விதான் இது. ஆனால் ஒரு குடும்பம் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெருந்தொகை செலவிடும் பண்டமான காருக்கு இந்தக் கேள்வியை எழுப்பினால் விடை கிடைப்பதில்லை. தொழிற்சாலை டீலருக்கு எழுதும் இன்வாய்ஸ் வாங்குபவர் கண்ணில் படுவதே இல்லை. வணிக வரலாறு பயில்பவன் என்ற முறையில், இந்தத் தாள் ஏன் நமக்குக் காட்டப்படவில்லை என்று தேடிப் பார்த்தேன். தேடியதன் சுருக்கம் இப்பதிவு. சற்று நீளமானது, கார் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன்.

1. அமெரிக்கக் கண்ணாடியில் ஒட்டிய தாள்

டீலரின் அடக்க விலையைத் தெரிந்துகொண்டு பேரம் பேசும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே கார் விற்பனை பெருகியபோது ஒரு தந்திரமும் பெருகியது. டீலர் முதலில் விலையை ஏற்றிச் சொல்வார். பிறகு, வாங்குபவரின் பழைய வண்டிக்குத் தாராளமாக மதிப்புப் போட்டுக் கொடுப்பதுபோலக் காட்டுவார். ஏற்றியதும் அவரே, இறக்கியதும் அவரே. வாங்குபவருக்கு இலாபம் கிடைத்ததாக ஒரு மயக்கம் மட்டும் மிஞ்சும்.

ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த மேலவை உறுப்பினர் மைக் மன்றோனி முன்னின்று 1958இல் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார். புதிய கார் ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் சில்லறை விலை, கூடுதல் உறுப்புகளின் விலை, போக்குவரத்துச் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே அச்சிட்டு ஒட்ட வேண்டும் என்றது அச்சட்டம். அந்தத் தாளை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

மன்றோனி தாள் சொல்வது வாங்குபவர் கொடுக்கத்தக்க விலையைத்தான். டீலர் கொடுத்த விலையை அன்று. அந்த இடைவெளியை நிரப்பியவை நுகர்வோர் இதழ்களும் விலைக் கையேடுகளும். மாடல் வாரியாக இன்வாய்ஸ் விலையை அவை அச்சிட்டு விற்கத் தொடங்கின. வாங்க வருபவர் கையேட்டோடு வந்து, “உங்கள் இன்வாய்ஸ் இவ்வளவு, அதன்மேல் இவ்வளவு தருகிறேன்” என்று பேசத் தொடங்கினார். தொழில் அதற்கும் ஒரு வழி கண்டது. விற்ற வண்டிக்கு விலையில் 2 அல்லது 3 சதவீதம் அளவுக்கு ஒரு தொகையைத் தயாரிப்பாளர் பின்னர் டீலருக்குத் திருப்பித் தருவார். ஆக, இன்வாய்ஸில் உள்ள எண்ணும் உண்மையான அடக்கம் ஆகாது. இன்வாய்ஸ் விலைக்கே தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் டீலரும் நட்டத்தில் விற்பதில்லை.

இந்தப் பாடத்தை மனத்தில் இருத்திக்கொண்டு நம் நாட்டுக்கு வருவோம்.

2. இரண்டு சுங்கச் சாவடிகள்

கார் இந்தியாவுக்கு வந்தது கப்பலில். பம்பாய், சென்னை, கல்கத்தா ஆகிய துறைமுக நகரங்களின் முகவர் நிறுவனங்கள் இறக்குமதி செய்து விற்றன. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் உறுப்புகளைப் பொருத்தி வண்டியாக்கும் கூடத்தைத் தொடங்கியது. வாங்கியவர்கள் சமஸ்தானத்தார், ஐரோப்பிய அதிகாரிகள், பெருவணிகர், சில வழக்கறிஞர், மருத்துவர். அடக்க விலை கேட்டுப் பேரம் பேசும் கூட்டமாக அது இல்லை.

ஐதராபாத்துக்கு இதில் ஒரு தனி நிலை உண்டு. நிஜாமின் அரசு தனக்கென்று சுங்கத்துறை வைத்திருந்தது. ‘கரோட்கிரி’ என்பது அதன் பெயர். துறைமுகத்தில் பிரித்தானிய இந்திய அரசின் இறக்குமதித் தீர்வையைக் கட்டி வெளியேறிய பண்டம், நிஜாமின் எல்லைக்குள் நுழையும்போது மற்றொரு தீர்வைக்கு உட்பட்டது. ஒரே பொருளின் விலைமேல் ஒன்றுக்கு மேற்பட்ட அரசுகள் கை வைக்கும் பழக்கம் இந்நகருக்குப் புதியதன்று. இன்றைய கொட்டேஷன் தாளில் மத்திய வரியும் மாநில வரியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுவதைப் பார்க்கையில் எனக்கு அந்தப் பழைய எல்லைச் சாவடி நினைவுக்கு வருகிறது.

3. அடக்க விலை நீதிமன்றம் ஏறிய காலம்

விடுதலைக்குப் பின் அயல்நாட்டுக் காருக்குக் கதவு ஏறக்குறைய மூடப்பட்டது. மூன்று நிறுவனங்கள் நின்றன: கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசிடர் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் ஃபியட் செய்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். தேவை மிகுதி, உற்பத்தி குறைவு. விண்ணப்பித்தவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்.

தட்டுப்பாடு இருக்குமிடத்தில் டீலரே அரசர் ஆவார். அதைத் தடுக்க 1951ஆம் ஆண்டின் தொழில்கள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் 1959இல் மோட்டார் கார் விநியோக, விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. யாருக்கு முதலில் வண்டி, அரசுக்கு எத்தனை, பொதுமக்களுக்கு எத்தனை என்பதையெல்லாம் அது ஒழுங்குபடுத்தியது. வாங்கிய வண்டியைக் குறிப்பிட்ட காலத்துக்குள் கைமாற்றி விற்கவும் தடை இருந்தது. வாங்கிய மறுநாளே கூடுதல் விலைக்கு விற்றுவிடுவார்கள் என்ற அச்சமே காரணம்.

1969 செப்டம்பரில் அரசு மேலும் ஓரடி எடுத்து வைத்து, மூன்று கார்களுக்கும் விற்பனை விலையைச் சட்டப்படி நிர்ணயித்தது. அந்த விலை கட்டுப்படியாகாது என்று தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். நீதிமன்றம் விலையை ஆராய ஓர் ஆணையம் அமைய வழி செய்தது. முன்னாள் தலைமை நீதிபதி சர்ஜூ பிரசாத் அதன் தலைவர். இரும்பு எவ்வளவு, உறுப்புகள் எவ்வளவு, கூலி எவ்வளவு, தேய்மானம் எவ்வளவு, டீலருக்கு உரிய கழிவு எவ்வளவு என்று ஒரு காரின் விலையை எலும்பு எலும்பாகப் பிரித்துப் பார்த்தது ஆணையம். 1971 நவம்பரில் வந்த ‘பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் எதிர் இந்திய ஒன்றியம்’ தீர்ப்பு, நியாய விலை என்பது உற்பத்தியாளர், நுகர்வோர் என்ற இரு தரப்புக்கும் நியாயமாக இருக்க வேண்டும் என்றது. ஈடுபடுத்திய முதலுக்கு 16 சதவீத வருவாய் என்ற அளவை ஏற்றது.

இந்தியக் காரின் அடக்க விலை பொதுவெளியில் வைத்து விவாதிக்கப்பட்ட அரிய தருணம் அது. விந்தை என்னவென்றால், அந்த வெளிப்படைத்தன்மையால் வாங்குபவருக்குப் பெரும் பயன் விளையவில்லை. சட்டம் நிர்ணயித்த விலைக்கு வண்டி வரிசையில் மட்டுமே கிடைத்தது. வரிசையில் நிற்க இயலாதவர் கறுப்பில் மேற்பணம் கொடுத்தார். இன்வாய்ஸில் எழுதிய எண் சரியாக இருந்தது. எழுதாத எண்ணே உண்மையான விலையாக இருந்தது. 1975இல் கார் விலைக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. வரிசை மட்டும் அதன்பிறகும் நெடுநாள் நின்றது.

4. முன்பணமும் முண்டியடிப்பும்

மாருதி உத்யோக் 1981இல் தோன்றியது. 1983இல் முன்பதிவு திறந்தபோது ரூ. 10,000 முன்பணம் கட்டிப் பதிவு செய்தவர்கள் ஓர் இலட்சத்துக்கும் மேல். அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800இன் சாவியை இந்திரா காந்தி உரியவரிடம் கொடுத்தார். ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் வந்த வண்டி அது. அன்றைய பத்தாயிரம் என்பது நடுத்தரக் குடும்பம் ஒன்றின் பல மாத ஊதியம். கைக்கு வண்டி வரும் முன்பே அவ்வளவு தொகையை மக்கள் ஒப்படைத்தனர் என்றால், டீலரிடம் “உங்களுக்கு அடக்கம் எவ்வளவு?” என்று கேட்கும் துணிவு யாருக்கு இருந்திருக்கும்? ஒதுக்கீடு கிடைத்ததே பேறு என்று எண்ணிய காலம்.

இந்த மனநிலையை நான் வரலாற்றுச் சுமை என்றே கருதுகிறேன். கார் டீலர் என்பவர் நமக்கு வண்டி ‘தருபவர்’, நாம் ‘பெறுபவர்’ என்ற உறவு இரண்டு தலைமுறைகளில் உறைந்துபோயிற்று. கத்தரிக்காய்க்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்கும் நாவு, காட்சியகத்தின் குளிரூட்டிய அறையில் அடங்கிவிடுகிறது.

1993இல் கார்த் தொழிலுக்கு உரிமம் தேவையில்லை என்றான பிறகே நிலை மாறியது. 1998இல் திருப்பெரும்புதூரிலிருந்து ஹூண்டாய் சாண்ட்ரோவும், அதே ஆண்டு டாடா இண்டிகாவும் வந்தன. வரிசையில் நின்றவரைத் தேடி டீலர் வரும் காலம் பிறந்தது. ‘தள்ளுபடி’ என்ற சொல் காருக்கும் பொருந்தத் தொடங்கியது.

5. பிஸ்கட் பொட்டலத்துக்கு உள்ள விதி

1990இல் பொதி செய்த பண்டங்களுக்கு ‘வரிகள் அனைத்தும் உட்பட அதிகபட்சச் சில்லறை விலை’ அச்சிடும் விதி வந்தது. அன்று முதல் ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தின்மேல் அதன் முழு விலையை வாசிக்கலாம். கார் பொதி செய்த பண்டம் அன்று என்பதால் அந்த விதி அதற்குப் பொருந்தவில்லை. மன்றோனி தாள் போன்ற ஏற்பாடும் இங்கு எழவில்லை. விளைவாக, நம் சந்தையில் ஒரு காருக்குப் பல விலைகள் வழங்கிவருகின்றன: விளம்பரத்தில் சிறு எழுத்தில் ‘எக்ஸ்-ஷோரூம்’, காட்சியகத்தில் ‘ஆன்-ரோடு’, இவற்றுக்கு அடியில் நாம் காணாத டீலர் அடக்கம்.

அந்த அடக்கத்தைப் பற்றிக் கோடிட்டுக் காட்டலாம். டீலர் வண்டியைத் தயாரிப்பாளரிடம் பணம் கொடுத்தே வாங்குகிறார். பெரும்பாலும் வங்கிக் கடனில். வண்டி கிடங்கில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வட்டி ஓடுகிறது. அவருக்கு விடப்படும் இலாப விளிம்பு ஒற்றை இலக்கச் சதவீதத்தில்தான் என்பது டீலர் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபாடா நெடுநாளாக முன்வைக்கும் முறையீடு. அதில் உண்மை உண்டு. ஓர் உதாரணம் கற்பித்துக்கொள்வோம். வரிக்கு முன் ரூ. 5,00,000 விலையுள்ள வண்டியில் 4 சதவீத விளிம்பு என்றால் ரூ. 20,000. காட்சியக வாடகை, ஊழியர் சம்பளம், கிடங்கு வட்டி எல்லாம் அதிலிருந்தே போக வேண்டும். ஆகவே டீலர் தம் வாழ்வாதாரத்தை வேறு வரிகளில் தேடுகிறார்: காப்பீட்டில் வரும் பங்கு, கடன் தரும் வங்கி கொடுக்கும் தொகை, துணைப்பொருள் விற்பனை, பழைய வண்டி மாற்று, மாத இலக்கை எட்டினால் தயாரிப்பாளர் தரும் ஊக்கத்தொகை. இறுதியாகச் சொன்ன ஊக்கத்தொகையால்தான் மாதக் கடைசியில் விலை இளகுகிறது.

அமெரிக்கப் பாடம் இங்கே பொருந்தும். டீலரின் இன்வாய்ஸ் நம் கையில் கிடைத்தாலும் அது அவருடைய முழுக் கணக்கு ஆகாது.

6. தள்ளுபடிக்குத் தடை

அவ்வாறாயினும், டீலர் தம் விளிம்பிலிருந்து விரும்பிய அளவு விட்டுக்கொடுக்க உரிமை உள்ளவரா? பல்லாண்டுகளாக இல்லை என்பதே விடை என்பதை இந்தியப் போட்டி ஆணையத்தின் இரண்டு ஆணைகள் வெளிக்கொணர்ந்தன.

முதலாவது 2017 ஜூனில். ஹூண்டாய் நிறுவனம் தன் டீலர்கள் தரத்தக்க தள்ளுபடிக்கு வரம்பு கட்டியது என்று கண்டு ரூ. 87 கோடி அபராதம் விதித்தது ஆணையம். புகார் கொடுத்தவர்கள் டீலர்களே. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2018இல் அந்த ஆணையை நீக்கிவிட்டது.

இரண்டாவது 2021 ஆகஸ்ட் 23 அன்று வந்தது. மாருதி சுசூகிக்கு ரூ. 200 கோடி அபராதம். வழக்கின் தொடக்கம் பெயர் சொல்லாத ஒரு டீலரின் மின்னஞ்சல். ஆணையத்தின் முடிவுப்படி, நிறுவனம் வகுத்த தள்ளுபடி வரம்புக்கு மேல் டீலர் எதையும் தரக் கூடாது. இலவசத் துணைப்பொருளாகவும் தரக் கூடாது. கண்காணிக்க, வாடிக்கையாளர் போல வேடமிட்டு வருபவர்களை முகமைகள் மூலம் காட்சியகங்களுக்கு அனுப்பினர். அவர்களிடம் கூடுதல் தள்ளுபடி சொன்ன டீலருக்குத் தண்டம். விற்பனை ஊழியருக்கும் மேலாளருக்கும்கூடத் தனித்தனித் தண்டம். நிறுவனம் மேல்முறையீடு செய்ய, தீர்ப்பாயம் ஆணைக்கு இடைக்காலத் தடை வழங்கியது. ஆகவே இதை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

எனினும் வரலாற்று மாணவனுக்கு இந்த ஆவணத்தின் மதிப்பு பெரிது. “சார், இதற்கு மேல் என் கையில் இல்லை” என்று விற்பனை இளைஞர் சொல்லும்போது அதை நடிப்பு என்றே நாம் எண்ணி வந்தோம். சில வேளைகளில் அது அவருடைய சம்பளத்தைக் காக்கும் உண்மையாகவும் இருந்திருக்கிறது. எதிரே அமர்ந்திருந்த ‘வாடிக்கையாளர்’ ஒற்றரா என்ற ஐயத்தோடு அவர் பேசியிருக்கக்கூடும். 1969இல் விலைக்கு அரசு உச்சவரம்பு கட்டியது, வண்டி கிடைக்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, போட்டி ஆணையம் கண்டபடி, தயாரிப்பாளர் தள்ளுபடிக்கு வரம்பு கட்டினார், விலை இறங்கவில்லை. இரண்டு காலத்திலும் வாங்குபவரும் டீலரும் தமக்குள் பேசி முடிக்கும் இடம் சுருக்கப்பட்டிருந்தது.

7. ஐதராபாத்தின் தாள், வரி வரியாக

இனி நண்பரின் கொட்டேஷனுக்குத் திரும்புவோம்.

எக்ஸ்-ஷோரூம் விலையில் சரக்கு, சேவை வரி அடங்கியிருக்கிறது. 2017 ஜூலை 1 முதல் கார்களுக்கு 28 சதவீதமும், அதன்மேல் வகைக்கு ஏற்ப 1 முதல் 22 சதவீதம் வரை இழப்பீட்டு மேல்வரியும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் மேல்வரி நீங்கி, சிறிய கார்களுக்கு 18, மற்றவற்றுக்கு 40 சதவீதம் என்றாயிற்று. அடிப்படை விலை ரூ. 5,00,000 கொண்ட சிறிய பெட்ரோல் கார் முன்பு 29 சதவீத வரியோடு ரூ. 6,45,000, பின்பு 18 சதவீதத்தில் ரூ. 5,90,000.

இதன்மேல் தெலங்கானாவின் வாழ்நாள் வரி. 2022 மே மாதத்தில் வந்த விகிதத்தை உதாரணமாகக் கொள்கிறேன். விகிதங்கள் அவ்வப்போது மாறுபவை, ஆனால் கணக்கின் போக்கு மாறாதது. ஐந்து இலட்சம் வரை 13, பத்து இலட்சம் வரை 14, இருபது இலட்சம் வரை 17, அதற்குமேல் 18 சதவீதம். ஒருவர் பெயரில் இரண்டாவது காரானால் இன்னும் 2 சதவீதம். மேற்சொன்ன சிறிய காருக்கு, மத்திய வரி குறைந்ததால் 14 சதவீத வாழ்நாள் வரியும் ரூ. 90,300இலிருந்து ரூ. 82,600 ஆகிறது. வரியின்மேல் வரி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வருமான வரியைப் போல இது படிப்படியாகக் கணக்கிடப்படுவதில்லை. எல்லையைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் மேல் விகிதம். ரூ. 9,90,000 காருக்கு 14 சதவீதம் ரூ. 1,38,600. ரூ. 10,10,000 காருக்கு 17 சதவீதம் ரூ. 1,71,700. விலையில் இருபதாயிரம் வேறுபாடு, வரியில் முப்பத்து மூவாயிரம் வேறுபாடு. அதோடு பத்து இலட்சத்தைத் தாண்டிய காருக்கு 2016 ஜூன் முதல் 1 சதவீத வருமான வரியை டீலர் விற்பனையின்போதே வசூலித்துவிடுவார். அதைப் பின்னர் நம் வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம், பலர் மறந்துவிடுகிறார்கள்.

தள்ளுபடி எந்த வடிவில் வருகிறது என்பதும் முக்கியம். விற்பனையின்போதே இன்வாய்ஸில் பதிந்து தரும் தள்ளுபடிக்குச் சரக்கு, சேவை வரி இல்லை. சட்டத்தின் 15ஆம் பிரிவு அதை மதிப்பிலிருந்து கழித்துவிடுகிறது. அதே தொகையை ‘இலவச’ இருக்கை உறையாகவும் தரைவிரிப்பாகவும் பெற்றால், குறையாத விலைக்கு வரி கட்டுகிறோம்.

அடுத்து காப்பீடு. இந்த வரிக்கும் இந்நகருக்கும் நெருங்கிய உறவு உண்டு. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைமையகம் ஐதராபாத்தில்தான் இருக்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைப்படி புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம் ஆனதால், முதல் பிரீமியம் பெருந்தொகை ஆயிற்று. இதில் டீலருக்குப் பங்கு உண்டு. 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஆணைய வழிகாட்டுதல்கள் அப்பங்குக்கு, காரின் சொந்தச் சேதக் காப்பீட்டுப் பிரீமியத்தில் 19.5 சதவீதம் என்று அப்போது உச்சவரம்பு வைத்தன. அதே வழிகாட்டுதல்கள், தம்மிடமே பாலிசி எடுக்க வேண்டும் என்று டீலர் வற்புறுத்தலாகாது என்றும் கூறின. வெளியே காப்பீடு எடுத்தால் வண்டி தர மாட்டோம் என்று எங்கேனும் சொன்னால், அதற்கு விடை இந்த ஊரிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கிடங்கிலிருந்து காட்சியகத்துக்கு வண்டியைக் கொண்டுவரும் செலவு என்பார்கள். விற்பவர் தம் சரக்கைத் தம் கடைக்குக் கொண்டுவருவது விற்பவரின் செலவு. அரசுக்குச் சேரும் கட்டணம் அன்று இது. இதற்குப் பில் கேட்டுப் பாருங்கள். பல நேரங்களில் அந்த வரி அப்போதே மறைந்துவிடும். பொருளுக்கோ சேவைக்கோ பில் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது.

8. திரை விலகிய ஒரு மாதம்

டீலரின் அடக்க விலை சற்றே வெளியில் தெரிந்த மற்றொரு தருணம் 2025 செப்டம்பர். வரி குறையும் என்ற செய்தி ஆகஸ்டிலேயே பரவியதால் வாங்குபவர்கள் காத்திருந்தனர். டீலர் கிடங்கில் வண்டிகள் தேங்கின. அவற்றைப் பழைய மேல்வரி கட்டியே டீலர் வாங்கியிருந்தார். அடிப்படை விலை பத்து இலட்சம் உள்ள பெரிய வண்டி ஒன்றுக்கு 28 சதவீத வரி ரூ. 2,80,000, 22 சதவீத மேல்வரி ரூ. 2,20,000. புதிய முறையில் விற்கும்போது முதல் தொகையை வரவாகக் கழித்துக்கொள்ளலாம். மேல்வரி என்ற இனமே ஒழிந்துவிட்டதால் இரண்டாம் தொகையைக் கழிக்க இடம் இல்லை. தங்கள் கணக்கேட்டில் முடங்கிய தொகையைப் பற்றி டீலர்கள் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினர். எந்த விலைக்கு வாங்கினோம் என்று ஒருபோதும் சொல்லாதவர்கள், நட்டம் என்று வந்தபோது இன்வாய்ஸை எடுத்துக் காட்டினார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வணிகரின் இயல்பு அது. ஆனால் காட்ட முடியாத இரகசியம் ஒன்றும் அத்தாளில் இல்லை என்பது அன்று தெரிந்தது.

9. நண்பருக்குச் சொன்னது

“டீலரின் அடக்கத்தைத் தேடி அலையாதீர்கள், கிடைத்தாலும் அது பாதிக் கணக்கு. வட்டமிட்ட அடித்தொகையை விட்டுவிட்டு, ஒவ்வொரு வரியையும் இது யாருக்குப் போகிறது என்று கேளுங்கள்” என்றேன். அரசுக்குப் போவது, காப்பீட்டு நிறுவனத்துக்குப் போவது, டீலருக்குப் போவது என்று மூன்று நிரல்கள் வரைந்து கொடுத்தேன். முதல் நிரலில் பேரம் இல்லை. சரிபார்ப்பு மட்டும் உண்டு. இரண்டாம் நிரலில் ஒப்பீடு உண்டு. மூன்றாம் நிரலில் மட்டுமே பேரம்.

ஒரு வாரம் கழித்து அவர் வந்தார். பில் கேட்டவுடன் ஹேண்ட்லிங் சார்ஜ் பதினைந்தாயிரம் அடிக்கப்பட்டது. அதே அளவு காப்பீடு வேறோர் இடத்தில் பதினோராயிரம் குறைவாகக் கிடைத்தது. துணைப்பொருள் தொகுப்பைப் பிரித்து, வேண்டியதை மட்டும் எடுத்ததில் பன்னிரண்டாயிரம். மொத்தம் ரூ. 38,000. எக்ஸ்-ஷோரூம் விலையில் ஒரு ரூபாயும் குறையவில்லை. டீலர் அந்த வண்டியை என்ன விலைக்கு வாங்கினார் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

1971இல் அம்பாசிடரின் அடக்கத்தை உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் வாசிக்கலாம். இன்று நம் தெருவில் நிற்கும் காருக்கு அப்படி ஓர் ஆவணம் இல்லை. விலைக் கட்டுப்பாடு திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் வரிசையையும் கறுப்புப் பணத்தையும் நம் பெற்றோர் தலைமுறை கண்டுவிட்டது. வாங்குபவர் கொடுக்கும் முழுத் தொகை, யார் யாருக்கு எவ்வளவு என்ற பகுப்போடு, வண்டியின் கண்ணாடியிலேயே அச்சில் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். பிஸ்கட் பொட்டலத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்த மரியாதை அது.